கடலில் முட்டை மிதக்கவில்லை, ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மட்டக்களப்பில், கல்லடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். உங்கள் பத்திரிகை ஞாயிறு தோறும் கடைக்கு வரும். முழுவதும் வாசித்த பிறகுதான் அது செயின் எண்ணெய் துடைக்கப் போகும், அதனால் என்னையும் வாசகன் என்று கணக்கில் எடுங்கள். இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதியதில்லை. இதுவும் நானாக எழுதுவதல்ல, ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று மூன்று கிழமையாக நச்சரித்து எழுத வைத்தது.

உங்கள் சிறுவர் பக்கத்தில் 'தெரியுமா?' என்ற மாதிரி ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஒரு நாள், முட்டை நல்ல தண்ணீரில் தாழும், கடல் நீரில் உப்பு இருப்பதால் மிதக்கும் என்று போட்டிருந்தீர்கள். என் கடைக்குப் பின் வளவில் இருக்கிற பெண் பிள்ளை அதை வாசித்துவிட்டு, வீட்டில் ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு தாய்மாமனோடு கடற்கரைக்குப் போய், வாளியில் கடல் தண்ணீர் மொண்டு முட்டையை உள்ளே விட்டிருக்கிறாள். முட்டை கல்லு மாதிரி அடிக்குப் போய்விட்டது. வீட்டுக்குக்கூடப் போகாமல் அந்த வாளியோடு நேரே கடைக்கு வந்து, "மாமா, பேப்பர்ல பொய் போட்டிருக்கு" என்றாள்.

அந்த இடத்தில் நான் பிழை விட்டேன். "நீ சரியாப் போட்டிருக்க மாட்டாய் புள்ள, பேப்பர்காரன் தெரியாமலா போடுவான்" என்று சொல்லிவிட்டு ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிற வேலையைப் பார்த்தேன். அவள் போகவில்லை. "அப்ப நீங்க போடுங்க" என்றாள். கை கழுவிவிட்டு நானும் போட்டேன். தாழ்ந்தது. முட்டையைத் திருப்பிப் போட்டேன், மெதுவாகப் போட்டேன், பஞ்சர் பார்க்கிற பெரிய பேசினில் தண்ணீரை ஊற்றிப் போட்டேன். எப்படிப் போட்டாலும் தாழ்ந்தது.

சரி என்று பக்கத்துக் கடையில் உப்புப் பைக்கற் ஒன்று வாங்கினோம். அரை லீற்றர் கிணற்றுத் தண்ணீரில் தேக்கரண்டி தேக்கரண்டியாகப் போட்டுக் கலக்க வேண்டும், ஒவ்வொரு கரண்டிக்கும் முட்டை என்ன செய்கிறது என்று அவள் கொப்பியில் எழுத வேண்டும், இதுதான் ஒப்பந்தம். ஐந்தாம் கரண்டியில் ஒன்றும் இல்லை. எட்டில் முட்டை ஒரு பக்கம் நிமிர்ந்து குத்தென நின்றது. பதினொன்றில் எழும்பியது. அந்த நேரம் கடையில் ஒரு ஆசிரியர் சைக்கிளோடு நின்றார், இறுகின பிறேக்கைத் தளர்த்த வந்தவர், அவர்தான் கணக்கைச் சொன்னார்: கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, புது முட்டை மிதக்க அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும். சாக்கடலில் என்றால் மிதக்கும். கல்லடிக் கடலில் மிதக்காது.

ஆக உங்கள் துணுக்கில் சொன்ன காரணம் சரி, அளவு பிழை. இப்படி எழுதுகிறவர்கள் யாராவது முட்டையோடு கடற்கரைக்குப் போயிருப்பார்களா என்று பிள்ளை கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை, உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் அவளுடைய கூட்டாளி ஒருத்தி வேறொரு முட்டை கொண்டுவந்தாள், அது ஏழாம் கரண்டியிலேயே எழும்பிவிட்டது. ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. ஒருத்தி மற்றவளைக் கரண்டியைக் குவித்து அள்ளினாய் என்கிறாள். திரும்பவும் ஒரே தண்ணீரில் ரெண்டு முட்டையையும் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சந்தேகம் தண்ணீரை விட்டு முட்டைக்குத் தாவியது. விசாரித்தால், ஒன்று அன்று காலையில் கோழி இட்டது, மற்றது கடையில் வாங்கி வீட்டில் எத்தனையோ நாள் கிடந்தது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, நாளாக நாளாக உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறி, பருத்த பக்கத்தில் காற்றறை பெரிதாகும், முட்டையின் நிறை குறையும், பருமன் அப்படியே இருக்கும். நல்ல தண்ணீரிலேயே மிதக்கிற முட்டையை எங்கள் அம்மா எடுத்து எறிவார். அந்தக் காரணத்தை நான் ஐம்பது வயது தாண்டி இந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் படித்தேன்.

படுவான்கரையில் வயல் செய்கிற என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். விதை நெல்லில் பதர் பிரிக்க, முட்டை மிதக்கிற அளவுக்கு உப்புக் கரைத்து அதற்குள் நெல்லைக் கொட்டுவார்களாம், பாரமான நெல் அடியில் நிற்கும், பதரும் அரைவயிறு நெல்லும் மேலே வரும், அள்ளி எறிந்துவிட்டு நல்ல நெல்லை உப்புப் போகக் கழுவி முளைக்கப் போட வேண்டும். "உன்ட ஆய்வுகூடத்தில முட்டையக் கொண்டு உப்பளக்கிறாங்க, நாங்க வயல் வாடியில அளக்கிறம்" என்றார். உங்கள் பெட்டியில் இதைப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு மூன்று நாள் வேலை கிடைத்திருக்கும்.

ஆய்வுகூடம் என்று அவர் பகிடியாகச் சொன்னதுதான் இப்போது பெயராகிவிட்டது. பள்ளி விட்டால் ஐந்தாறு பிள்ளைகள் கடை விறாந்தையில். எனக்குப் பதினோராம் தர ஓ.எல் சோதனையில் விஞ்ஞானத்துக்குச் சாதாரண சித்தி, அவ்வளவுதான். ஒரு கேள்வி வந்தால் பாதி நேரம் எனக்கே விடை தெரியாது, அதனால்தானோ என்னவோ பிள்ளைகள் வருகிறார்கள்.

பம் கேள்வியைச் சொல்கிறேன். ரயருக்குக் காற்றடித்தால் பம்மின் அடிப்பக்கம் சுடும், சைக்கிள் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஏன் சுடுகிறது? உள்ளே இருக்கிற வாசர் உரசுவதால் என்றுதான் நானும் நாற்பது வருடமாக நினைத்திருந்தேன். ஒரு பொடியன், ஏழாம் தரம், கேட்டான்: "உரசுறதுதான் காரணம் எண்டா காத்து எங்க போனாலும் சுட வேணுமே?" ரயரில் மாட்டி ஐம்பது தரம் அடித்தோம். பம்மை ஆறவிட்டு, ஒன்றிலும் மாட்டாமல் வெறும் காற்றில் அதே வேகத்தில் ஐம்பது தரம் அடித்தோம். வெறும் காற்றில் அடித்தபோது இளஞ்சூடு, ரயரில் அடித்தபோது கை வைக்க ஏலாத சூடு. அப்படியென்றால் பெரும்பங்கு சூடு காற்றை இடுக்கில் நெருக்குவதால் வருகிறது. இதே வேலையைத்தான் வயலில் ஓடுகிற லேண்ட்மாஸ்டர் என்ற ரெண்டு சில்லு டீசல் உழவு இயந்திரம் செய்கிறது, அதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை நெருக்கி நெருக்கிச் சூடாக்கி அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. அந்தப் பொடியனை அன்றைக்கு ஒரு லேண்ட்மாஸ்டர் திருத்துகிற மெக்கானிக்கிடம் கூட்டிப் போய், என்ஜினில் பிளக் எங்கே என்று தேடச் சொன்னேன். தேடித் தேடிக் களைத்து, இல்லை என்று வந்து சொன்னபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கல்லடியில் இருக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடலோடு சேருகிற வாவி, நடுவில் வீட்டுக் கிணறு. மூன்று தண்ணீரும் ஒரு பின்னேரத்தில் கிடைக்கும். முட்டைச் சண்டைக்குப் பிறகு பிள்ளைகள், வாவித் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு முட்டை சரிவராது. பழைய போல்பொயின்ற் பேனையின் கூட்டை எடுத்து, பக்கத்துத் துளையையும் அடியையும் மெழுகால் அடைத்து, உள்ளே சைக்கிள் குண்டுகளைப் போட்டால் தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கும். எத்தனை குண்டு என்று பிடிபடுவதற்குள் ரெண்டு பேனை தாண்டு போச்சு. கிணற்றுத் தண்ணீரில் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு, கடல் தண்ணீரில் ஒரு கோடு. ரெண்டுக்கும் இடையில் மூன்று மில்லிமீற்றர்கூட வராது, அடிமட்டத்தைக் கண்ணோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று மில்லிமீற்றருக்குள் வாவித் தண்ணீர் ஏறி இறங்குவதை ஆவணியில் இருந்து தை வரை எழுதி வைத்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் கடல் கோட்டுக்குக் கிட்ட. மழை தொடங்கி, வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டி, ஆற்றுத் தண்ணீர் எல்லாம் வாவிக்குள் வந்து விழுந்த மார்கழியில் கிணற்றுக் கோட்டோடு கிட்டத்தட்ட ஒட்டி நின்றது. எந்த மாதம் எந்த மீன் வாவியில் படும் என்று வலைகாரர்கள் சொல்வதற்கும் இந்தக் கோட்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று இப்போது கேட்கிறார்கள். அதைப் பார்க்க ஒரு வருடமாவது வேண்டும், பார்ப்போம்.

இடையில் ஒன்று. தண்ணீர் எடுக்கப் பிள்ளைகளைத் தனியாக விடுவதில்லை, வாவியில் முதலை இருக்கிறது, கடலைப் பற்றி 2004 டிசெம்பர் 26இல் சுனாமியைக் கண்ட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சாரத்தையும் பற்றரி அசிட்டையும் தொட விடுவதில்லை. இதை வாசித்துவிட்டு யாரும் எனக்கு அறிவுரை எழுத வேண்டாம்.

பாடுமீன் இல்லாமல் மட்டக்களப்பில் ஒரு கேள்வியும் முடியாதே. எங்கள் வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் பாட்டுக் கேட்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 1848இல் இங்கே வந்த எமர்சன் ரெனன்ற் என்ற வெள்ளைக்கார அதிகாரியும், தோணிப் பலகையில் காதை வைத்தபோது சத்தம் பெரிதாகக் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் அந்தக் காலத்து மீன்பிடிகாரர்கள் மீனைச் சொல்லவில்லை, ஊரியைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அவரும் அது ஒரு வகைச் சிப்பி உயிர் என்றே நினைத்தார். பிள்ளைகளுக்குப் பாட்டை விடப் பலகைதான் பெரிய புதிர். ஏன் மரத்தில் காது வைத்தால் கூடக் கேட்க வேண்டும்? வாங்கின் ஒரு நுனியில் கைக்கடிகாரத்தை வைத்து மறு நுனியில் காதை ஒட்டிப் பார்த்தார்கள், காதை எடுத்தால் ஒன்றும் இல்லை, ஒட்டினால் டிக் டிக். பிறகு ஒரு மீனவரின் தோணியில் ஏறி, ஒருவர் தண்ணீருக்குள் கையை விட்டு ரெண்டு கல்லைத் தட்ட, மற்றவர் துடுப்பில் காதை வைக்க, காதுக்குப் பக்கத்தில் தட்டின மாதிரிக் கேட்டது. காற்றில் சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும், தண்ணீரில் 1,500, மரத்தில் நார் போகிற திசையில் அதையும் தாண்டும். ஆனால் வேகம் மட்டும் காரணமில்லை. தண்ணீரில் வருகிற சத்தம் காற்றுக்குள் ஏற முடியாமல் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடும், மரத்துக்குள் சுலபமாக ஏறும், மரத்தில் இருந்து மண்டை எலும்புக்கு நேரே வரும்.

பாட்டுக் கேட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. பறுவத்தில், அதாவது முழுநிலா இரவில், ரெண்டு தரம் போனோம், கேட்டதெல்லாம் பாலத்தில் போகிற மோட்டார் சைக்கிளும் எங்கேயோ ஒரு ஜெனரேற்றரும்தான். கொப்பியில் 'பாட்டு இல்லை' என்று திகதி போட்டு எழுதச் சொன்னேன். ஒருத்தி அழுகிற மாதிரி நின்றாள், கேட்டதாக எழுதலாமா என்று கேட்டாள். கேட்காததைக் கேட்டதாக எழுதக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். அந்த ஒரு விசயத்தில் நான் பொல்லாதவன்.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன்.

மழை காலத்தில் வானொலியில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யும், 150 மில்லிமீற்றர் பெய்யும் என்று சொல்வார்கள். ஒரு பொடியனுக்கு, மழைக்காரன் என்று நாங்கள் கூப்பிடுகிறோம், அது புரியவில்லை. மழையை எப்படி அடிமட்டத்தால் அளப்பது? போத்தல் ஒன்றை வைத்து மேலே புனல் வைத்து முற்றத்தில் விட்டான். ஒரு நாள் காலையில் போத்தலில் ஒன்பது சென்ரிமீற்றர், அதாவது 90 மில்லிமீற்றர் தண்ணீர். வானொலியில் அன்றைக்கு மட்டக்களப்புக்குச் சொன்னது அதில் பாதிகூட இல்லை. அவனுக்கும் வானொலி பொய். (உங்களுக்குத் துணை கிடைத்தது.) ரெண்டு நாள் எல்லோரும் தலையை உடைத்தோம். மறுகாதான் முட்டைக்காரி சொன்னாள், "புனல் பெரிசு, போத்தல் சின்னன், பெரிய வாயால குடிச்சுச் சின்ன வயித்துக்குள்ள போகுது". சீமெந்துத் தரையில் புனல் வாயை வைத்து ஒரு வட்டம், போத்தலை வைத்து ஒரு வட்டம் கீறி, ரெண்டையும் புளியங்கொட்டையால் நிரப்பினார்கள். பெரிய வட்டத்துக்குச் சரியாக நூறு, சின்னதுக்கு நாற்பத்தைந்து. 90ஐ அந்தக் கணக்கில் குறைத்தால் 40 சொச்சம் வருகிறது, வானொலி சொன்னதோடு ஒட்டி வந்தது. பிறகு ஆசிரியர் வந்து புனலின் குறுக்களவு 12 சென்ரிமீற்றர், போத்தல் 8, ஆகவே 2.25 மடங்கு என்று சொன்னார். புளியங்கொட்டை 2.2 சொல்லியிருந்தது. ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் விழுந்தால் அதுதான் ஒரு மில்லிமீற்றர் மழை என்பதையும் அன்றைக்கு வைத்துத் தங்கள் வீட்டுக் கூரையில் எத்தனை வாளி விழுந்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனார்கள்.

இந்த மழைக்காரன் அந்தப் போத்தலையும், புளியங்கொட்டை வட்டத்தையும் மட்டையில் கீறி, நாற்பது நாள் அளந்த கொப்பியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்குப் போனான். எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுத மாட்டேன், எல்லா இடத்திலும் இதுதான். பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இதுல என்ன வேலை செய்யுது தம்பி?" ஒன்றும் சுற்றவில்லை, ஒன்றும் எரியவில்லை. போத்தலைக் கரைக்குத் தள்ளிவிட்டு அந்த மேசையில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையில் செய்த எரிமலையை வைத்தார்கள். அப்பச்சோடாவும் விநாகிரியும் ஊற்றினால் சிவப்பாகப் பொங்கும். அதற்குத்தான் முதல் பரிசு. ரெஜிபோம் வெட்டின அழகைப் பார்த்தால் அது பிள்ளையின் கை வேலை இல்லை, காசு கொடுத்துச் செய்வித்தது என்று கண் தெரிந்த எவனுக்கும் விளங்கும்.

எனக்கு எரிமலையோடு கோபம் இல்லை. ஆனால் இலங்கையில் எரிமலையே கிடையாது, எந்தப் பிள்ளையும் எங்கள் ஊரில் எரிமலையைப் பற்றி என்னிடம் கேட்டதும் இல்லை. வருடா வருடம் வீட்டுக்குள் தண்ணீர் வருகிற ஊரில் மழையை அளந்த பொடியனை மூலைக்குத் தள்ளினால் அவன் என்ன படித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்? அடுத்த வருடம் தனக்கும் ஒரு எரிமலை செய்து தரச் சொல்லித் தகப்பனிடம் காசு கேட்டான். தகப்பன் கூலி வேலை. நான்தான் இடையில் புகுந்து தடுத்தேன்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளை, பாடத்திட்டம் முடிக்க வேண்டும், மேலே இருந்து வருகிற படிவம் நிரப்ப வேண்டும். சின்ன வகுப்புகளில் பாடத்தின் பெயரே 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்'. செயற்பாடு என்று பெயரை வைத்துவிட்டு, செயற்பாட்டை வாசித்து விடையைப் பாடமாக்கச் சொல்கிறோம், ஏனென்றால் ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது. மூன்றாம் நான்காம் தரத்தில் வாய் ஓயாமல் கேட்கிற பிள்ளை ஐந்தாம் தரத்தில் கடைப்பக்கம் வராது, சனி ஞாயிறு ரியூசன். ஆறாம் தரத்தில் திரும்பி வரும்போது "மாமா, இதுக்குச் சரியான விடை என்ன?" என்று கேட்கும். முன்னர் "ஏன்" என்று கேட்ட பிள்ளை அது. பெற்றோராகிய நாங்களும் குறைவில்லை, பிள்ளை வாயைத் திறக்க முன்னர் போனைத் தட்டி விடையைக் காட்டிவிடுகிறோம்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவர், விஞ்ஞானம் படிப்பித்தவர். அழிந்துபோன யாழை ஆராயும்போது பழைய பாட்டுகளை மட்டும் புரட்டவில்லை, நரம்பையும் சுருதியையும் கணக்குப் போட்டு ஆராய்ந்தார். அவருக்குச் சிலை வைத்திருக்கிறோம், விழா எடுக்கிறோம், பேச்சுப்போட்டி வைக்கிறோம். பேச்சுப்போட்டியில் பிள்ளைகள் பேசுகிற பேச்சையும் பெரியவர்கள்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

சரி, உங்களிடம் வருகிறேன். அந்தப் பெட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. விடையை எடுத்துவிட்டுக் கேள்வியைப் போடுங்கள். 'முட்டை கடல் நீரில் மிதக்குமா? பார்த்து எழுதுங்கள்' என்று ஒரு கிழமை, வந்த அளவுகளை அடுத்த கிழமை, பிழையாக வந்ததையும் சேர்த்து. ஒரு பள்ளிக்கூடத்தால் செய்ய முடியாத ஒன்று உங்களால் முடியும், வடக்கே பருத்தித்துறையிலும் தெற்கே தெய்வேந்திரமுனைப் பக்கத்திலும் குளிர் மலையில் நுவரெலியாவிலும் ஒரே நாள் காலையில் உங்கள் பத்திரிகை வாசிக்கப்படுகிறது. எங்கள் தேங்காயெண்ணெய் ஏன் மார்கழிக் குளிரில் மட்டும் கலங்குகிறது, நுவரெலியாவில் ஏன் எப்போதும் கட்டியாகக் கிடக்கிறது என்று ஒரு கேள்வி போட்டால், 24 பாகை செல்சியசுக்குக் கிட்ட அது உறையும் என்பதை நாட்டின் பிள்ளைகள் சேர்ந்து கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, இது எங்கள் விறாந்தையில் உண்டான யோசனை. போன சித்திரையில், புத்தாண்டுக்கு நாலைந்து நாள் முன்னர், ஒரு சைக்கிள் கம்பியைப் பலகையில் குத்தென நட்டுக் கடை வாசலில் வைத்தோம். ஏப்ரல் 9ஆம் திகதியை ஒட்டி மட்டக்களப்புக்கு நேர் மேலே சூரியன் வரும். பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் கம்பியின் நிழல் காணாமல் போனது. உச்சி வெயில், உச்சி வெயில் என்று தினமும் சொல்கிறோம், சூரியன் சரியாக உச்சியில் நிற்பது வருடத்தில் ரெண்டே தரம், மற்றது செப்டெம்பர் தொடக்கத்தில். ஆனியில் அதே கம்பியின் மத்தியான நிழல் தெற்கே விழுந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் என்னோடு வாதாடினார்கள், பலகையை யாரோ திருப்பிவிட்டார்களாம்.

ஜூன் 21ஆம் திகதி, ஒரு மீற்றர் தடியைக் குத்தென நட்டு, மத்தியானத்தில் நிழல் ஆகக் கட்டையாக வருகிற நேரத்தில் நீளத்தை அளந்து அனுப்பச் சொல்லி ஒரு அறிவித்தல் போடுங்கள். மணிக்கூட்டில் பன்னிரண்டு என்று இருக்கக் கூடாது, எங்களுக்குச் சில நிமிடம் தாண்டி வரும், கொழும்புக்கு இன்னும் பிந்தும், அதனால் பதினொன்று ஐம்பதில் தொடங்கிப் பன்னிரண்டரை வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குறிக்க வேண்டும். பருத்தித்துறையில் 24 சென்ரிமீற்றர் அளவில் வர வேண்டும், மட்டக்களப்பில் 28, தெய்வேந்திரமுனையில் 31 சொச்சம். பருத்தித்துறையும் தெய்வேந்திரமுனையும் ஏறக்குறைய ஒரே வடக்குத் தெற்குக் கோட்டில் நிற்கின்றன, இடையில் 430 கிலோமீற்றர் அளவு. நிழல்களைக் கோணமாக மாற்றினால் வித்தியாசம் நாலு பாகைக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பாகைக்கு இவ்வளவு தூரம் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? 40,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும், அதுதான் பூமியின் சுற்றளவு. 2,200 வருடத்துக்கும் முன்னர் எகிப்தில் எரத்தோஸ்தனீஸ் என்ற அறிஞர் நிழலை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டார். எங்கள் பிள்ளைகள் ஒரு சென்ரிமீற்றர் பிழை விட்டால் பூமி ஏழில் ஒரு பங்கு பெருத்தோ சிறுத்தோ போகும். அதையும் அப்படியே போடுங்கள், யார் எங்கே பிழை விட்டார்கள் என்று தேடுவதற்கு இன்னொரு கிழமை கிடைக்கும். முகில் மூடின ஊர்க்காரர் 'முகில்' என்று எழுதி அனுப்பட்டும்.

கண்காட்சி நடத்துகிறவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு மேசையை, ஒன்றும் சுற்றாத, ஒன்றும் எரியாத பொருட்களுக்கு ஒதுக்குங்கள். அங்கே வருகிற பிள்ளையிடம் "என்ன வேலை செய்யுது" என்று கேட்காமல், "என்ன கேட்டாய், எப்படிப் பார்த்தாய், எங்கே பிழைத்தது" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் சொன்னால் அது பிள்ளை செய்தது.

முட்டைக்காரி இப்போது பக்கத்தில் நிற்கிறாள், நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் கேட்கச் சொன்னது ஒரே ஒரு விசயம்: அந்தத் துணுக்குக்குத் திருத்தம் போடுவீர்களா? போடுவதாக இருந்தால், நம்பிப் போட வேண்டாமாம், நீங்களும் ஒரு முட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் போட வேண்டுமாம். பதினொரு கரண்டிக் கணக்கு எழுதின கொப்பிப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறாள். அதில் இருக்கிற எண்ணெய்க் கறை என் கையுடையது.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரன்,
கல்லடி, மட்டக்களப்பு